பள்ளி சேர்ந்திசைக்குப் பழைய பாப் பாட்டு தேடுகிறீர்களா? முதலில் இந்த ஆல்பத்தைக் கேளுங்கள்

பள்ளிக்கூட சேர்ந்திசைக் குழுவுக்கு அறுபது, எழுபதுகளின் ஆங்கில பாப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், நோட்ஸ் புத்தகம், கரோக்கி ட்ராக் எதற்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் 'இன்னொசன்ஸ் அண்ட் டிஸ்பேர்' என்ற ஆல்பத்தை ஒரு முறை முழுசாகக் கேட்டுவிடுங்கள். லாங்லி ஸ்கூல்ஸ் மியூசிக் ப்ராஜெக்ட் என்ற பெயரில் 2001-ல் பார்-நன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. குழந்தைகள் பாடிய பாப் என்று நான் கேட்டதிலேயே இதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று இல்லை.

கதை இதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்ற ஊர்ப்பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் எழுபதுகளில் ஹான்ஸ் ஃபெங்கர் என்பவர் இசை ஆசிரியராக இருந்தார். கிட்டார் வாசிப்பவர், ராக் இசையில் ஊறியவர், இசைக் கல்வி என்று முறையாக எதையும் கற்றவர் இல்லை. 1976, 77-ல் பிள்ளைகளைப் பள்ளி ஜிம்மில் நிறுத்தி, இரண்டே ட்ராக் உள்ள டேப்பில் பதிவு செய்து, குடும்பங்களுக்குக் கொடுக்க மட்டும் கொஞ்சம் எல்.பி. தட்டுகள் போட்டார். அவ்வளவுதான், மறந்தே போனது. 2000 வாக்கில் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் ஒரு பழைய பொருள் கடையில் பிரையன் லிண்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் கையில் ஒரு தட்டு சிக்க, அது அமெரிக்க வானொலிக்காரர் இர்வின் சூசிட் வரை போய், சிடியாக உலகத்துக்கு வந்தது.

இதில் உள்ள பாட்டுப் பட்டியலைப் பாருங்கள், நம்மில் பலர் தொடவே பயப்படுகிற பாட்டுகள். பீச் பாய்ஸின் 'இன் மை ரூம்', 'காட் ஒன்லி நோஸ்', 'குட் வைப்ரேஷன்ஸ்'. டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'. ஈகிள்ஸின் 'டெஸ்பராடோ'. பீட்டில்ஸின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்'. தனிமை, இழப்பு, வீடு திரும்பாத விண்வெளிக்காரன். குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு கனமான பாட்டு என்று கேட்பீர்கள். ஃபெங்கர் ஆல்பத்தோடு வந்த குறிப்பிலேயே பதில் எழுதியிருக்கிறார்: செல்லம் கொஞ்சும் பாட்டுகள் இந்தப் பிள்ளைகளுக்கு அறவே பிடிக்காது, தனிமையும் சோகமும் உள்ள பாட்டுகளைத்தான் அவர்கள் போற்றினார்கள். இதைப் படித்த பிறகு நான் பாட்டு தேடும் விதமே மாறிவிட்டது. ஏனென்றால் இன்றைக்கும் பள்ளி ஆண்டு விழாக்களில் 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று எடுக்கப்படுவதெல்லாம் துள்ளலாக, சிரித்துக்கொண்டே, கையை ஆட்டிக்கொண்டே பாடும் பாட்டுகள், அதைப் பாடும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அவர்களே எங்கோ இருப்பார்கள்.

'இன் மை ரூம்' தான் எனக்கு உயிர். 1963-ல் வந்த பாட்டு. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கவலைகளை வெளியே விட்டுவிடும் ஒருவனின் பாட்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாகப் புரியும் விஷயம் என்ன இருக்கிறது சொல்லுங்கள்? சிறிய மெட்டு, மெதுவான நடை, ஒவ்வொரு வரிக்கும் பிறகு மூச்சு வாங்க இடம், அதே வரி திரும்பத் திரும்ப வரும். எங்கள் குழுவில் பாடிப் பார்த்தபோது செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், மிகக் கீழே இருக்கும் ஸ்வரம் நடு ஸி-க்குக் (பியானோவின் நடுவில் இருக்கும் ஸி ஸ்வரம்) கீழே போகாதபடி ஸ்ருதியை ஏற்றிக்கொண்டோம். பெரிய ஆண் குரலுக்கு எழுதிய பாட்டை அதே ஸ்ருதியில் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒன்று முணுமுணுப்பார்கள், இல்லாவிட்டால் கத்துவார்கள். பழைய பாப் பாட்டு சொதப்பும் பள்ளிகளில் பாதிக்கு மேல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு, பாட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

'ஸ்பேஸ் ஆடிட்டி' வேறு ரகம். அசல் 1969 ஜூலையில், மனிதன் நிலவில் கால் வைப்பதற்குச் சில நாள் முன்னால் வந்தது. இங்கே எண்ணிக்கை இறங்கி இறங்கி வந்து, ராக்கெட் கிளம்பும் இடத்தில் தாளத் தட்டும் மணிச் சத்தமும் கிட்டார் இரைச்சலுமாக ஜிம்மே அதிர்கிறது. ஸ்ருதி கொஞ்சம் அங்கே இங்கே போகிறது, போகட்டும். யாரும் தாளத்தை விடவில்லை, யாரும் பாதியில் சலிக்கவில்லை. பின்னாளில் போவியே இதைப் பாராட்டினார். ஃபெங்கர், ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வகுத்த முறையில், குழந்தைகள் தட்டி வாசிக்கும் சைலஃபோன் (மரக்கட்டை), மெட்டலஃபோன் (உலோகப் பட்டை) போன்ற கருவிகளைப் பயன்படுத்தியதால், சரியாகப் பாட வராத பிள்ளைக்கும் கையில் ஒரு வேலை இருந்தது. பாட்டு தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: பாடாதவர்கள் தட்டவும் அடிக்கவும் இந்தப் பாட்டில் இடம் இருக்கிறதா?

ஆல்பத்தில் உள்ள பே சிட்டி ரோலர்ஸின் 'சாட்டர்டே நைட்' அந்த வகையில் தங்கம். பாட்டின் பெயரையே எழுத்து எழுத்தாகக் கத்தலாம், காலால் மிதிக்கலாம், மெட்டு பற்றிக் கவலையே வேண்டாம். ஒத்திகையைத் தொடங்க இது போதும்.

'டெஸ்பராடோ'வை மட்டும் ஒரே ஒரு சிறுமி தனியாகப் பாடுகிறாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பியானோவும் அவள் குரலும் மட்டும். வயதுக்கு மீறிய வரிகள், ஆனால் அவள் எந்த வரியையும் நடித்துக் காட்டவில்லை, அப்படியே நேராகப் பாடிவிடுகிறாள். கதை சொல்லும் நீளமான பாட்டைக் கூட்டமாகப் பாடவைத்தால் வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும், அதை ஒருவரிடம் கொடுத்துவிடுவதே சரி. சும்மா 'இவள் நன்றாகப் பாடுவாள்' என்பதற்காக சோலோ கொடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

சரி, குறைகளும் இருக்கின்றன. ஒலித்தரம் ஜிம் எதிரொலிதான், சில இடங்களில் வார்த்தை பிடிபடாது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரியானன்' எனக்கு இழுவையாகத் தோன்றியது, அசலைப் பாடிய ஸ்டீவி நிக்ஸின் குரல் இல்லாமல் அந்த மெட்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. இது ஒரு நல்ல எச்சரிக்கையும்கூட: பாடகரின் குரலால் மட்டும் நிற்கிற பாட்டு, மெட்டால் நிற்கிற பாட்டு என்று இரண்டு உண்டு, பள்ளிக்கு இரண்டாவது வகைதான் தாங்கும். 'ஸ்வீட் கரோலைன்' கேட்டால் இது புரியும், யார் பாடினாலும் அந்தப் பல்லவி தூக்கிவிடும். அப்புறம், வாத்தியப் பகுதிகளை எழுதிக் கொடுக்கும் நோட்ஸ் இதில் கிடைக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். காதல் வரிகளைப் பற்றிக் கறாரான பள்ளியாக இருந்தால் இந்தப் பட்டியலில் கணிசமானது அடிபட்டுப் போகும்.

இன்னொரு விஷயம். அந்தப் பிள்ளைகளுக்கு இவற்றில் பாதி பழைய பாட்டே கிடையாது. 'மேண்டி' 1974, கிளாட்டூ குழுவின் விண்வெளிப் பாட்டு 1976, எல்லாம் அப்போது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தவை. நம் பிள்ளைகளுக்கோ எல்லாமே தாத்தா காலத்துச் சரக்கு. அதனால் ஆசிரியர் முதலில் அந்தப் பாட்டைத் தானே பிடித்துப்போய்க் கேட்டிருக்க வேண்டும், வெறும் 'ரெட்ரோ தீம்' என்று தலைமை ஆசிரியர் சொன்னதற்காக எடுத்தால் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யூடியூபில் பாட்டுகள் கிடைக்கின்றன, வாங்குவதற்கு முன் 'இன் மை ரூம்', 'ஸ்பேஸ் ஆடிட்டி', 'டெஸ்பராடோ' மூன்றையும் இந்த வரிசையில் கேளுங்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் மீதியும் பிடிக்காது, தேட வேண்டாம். பிடித்திருந்தால் உங்கள் குழுவுக்கும் ஒரு முறை போட்டுக் காட்டிவிட்டு, எதைப் பாடலாம் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.