டேட்டனில் ஒரு பேக்கார்ட் ஷோரூம்

ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சவுத் லட்லோ தெருவில், 1917இல் கட்டிய கார் ஷோரூம் ஒன்று இன்னும் நிற்கிறது. அன்று சிட்டிசன்ஸ் மோட்டார்கார் கம்பெனி என்ற பெயரில் அங்கே பேக்கார்ட் என்ற அமெரிக்கச் சொகுசுக் கார்களை விற்றார்கள். 1992 முதல் அதுவே பேக்கார்ட் அருங்காட்சியகம். மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது மருமகன் என்னை அழைத்துப் போனார். தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் டூல்ரூமில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கார் ஓட்டுவதில் எனக்கு ஆசை கிடையாது. கார் எப்படிச் செய்யப்பட்டது என்பதில்தான் ஆசை. அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெரிய கொட்டகையில் கயிறு கட்டி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். அப்படி இல்லை. இந்தக் கார்கள் புதிதாக வந்து இறங்கிய அதே கட்டடத்திலேயே நிற்கின்றன. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவன் எங்கே நின்று பார்த்திருப்பானோ அங்கே நின்றுதான் நாமும் பார்க்கிறோம். இந்த ஒன்றுக்காகவே இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் தருவேன்.

பேக்கார்ட் பிறந்த கதையே ஒரு வாடிக்கையாளரின் மனக்குறையில் தொடங்குகிறது. ஜேம்ஸ் வார்டு பேக்கார்ட் லீஹை பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அண்ணன் வில்லியத்துடன் சேர்ந்து ஓஹியோவின் வாரன் ஊரில் மின்சாதனங்கள் செய்துவந்தார். 1898இல் வின்டன் கார் ஒன்றை வாங்கினார். அது அடிக்கடி மக்கர் செய்தது. குறைகளைச் சொல்லப் போனபோது, முடிந்தால் நீங்களே இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்து பாருங்கள் என்று அதைச் செய்து விற்ற வின்டன் சொல்லிவிட்டாராம். வின்டன் கம்பெனியைச் சேர்ந்த இருவரையே சேர்த்துக்கொண்டு, 1899 நவம்பர் 6 அன்று முதல் பேக்கார்டை வெளியே ஓட்டிவந்தார் ஜேம்ஸ். ஒற்றை சிலிண்டர் வண்டிதான். ஆனால் தீப்பொறி விழும் நேரத்தை எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. மற்ற வண்டிகளில் ஓட்டுநர் அதற்கென்று ஒரு நெம்புகோலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய காலம் அது.

விளக்கப் புத்தகம் கேட்டு ஒருவர் கடிதம் எழுத, 'வைத்திருப்பவரைக் கேளுங்கள்' என்று பதில் போடச் சொன்னாராம் ஜேம்ஸ். அதுவே அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கம்பெனியின் விளம்பர வாசகமாக இருந்தது. தன் சரக்கில் முழு நம்பிக்கை உள்ளவன் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும்.

1903இல் கம்பெனி டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1915இல் 12 சிலிண்டர் எஞ்சினோடு ட்வின் சிக்ஸ் வந்தது. 1920களில் சொகுசுக் கார் விற்பனையில் போட்டியாளரான கேடிலாக்கையே முந்தி நின்றது பேக்கார்ட். ஷோரூமில் அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்னால் போய்க் குனிந்து பாருங்கள். ரேடியேட்டரின் தோள்கள் இரண்டு பக்கமும் ஒரே வளைவில் இறங்குவதையும், சக்கரத்தின் நடுமூடியில் உள்ள சிவப்பு அறுகோணத்தையும் தவறவிடாதீர்கள். கார்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் அந்த வளைவை அவர்கள் கைவிடவில்லை.

பின்பக்கத்து சர்வீஸ் பகுதியில்தான் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. அங்கே நின்றபோது மெர்லின் என்ற விமான எஞ்சின்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லினை அமெரிக்காவில் செய்து தரும்படி பிரிட்டன் கேட்டது. ஃபோர்டு மறுத்த வேலையை 1940இல் பேக்கார்ட் ஏற்றது. வந்த வரைபடங்கள் முதல் கோண முறையில் இருந்தன. அமெரிக்கத் தொழிலாளிகளுக்குப் பழகியதோ மூன்றாம் கோண முறை; அதில் பொருளின் பக்கத் தோற்றங்கள் இடம் மாறி இருக்கும். எல்லாவற்றையும் திரும்ப வரைந்தார்கள். மரைகள் மட்டும் பிரிட்டிஷ் அளவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்முனையில் ஒரு நாட்டு எஞ்சினின் உதிரிபாகம் மற்றதில் ஏறாது. அந்த மரைகளை வெட்டும் டாப்பும் டையும் அமெரிக்காவில் கிடைக்காததால் அவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள். போர் முடிவதற்குள் 55,000க்கும் மேற்பட்ட எஞ்சின்கள்! ஒரு டாப்பைத் தீட்டவே அரை நாள் செலவழித்தவன் நான். அந்த டூல்ரூமில் இருந்தவர்களை நினைத்துக் கைகூப்பத் தோன்றியது.

1940 மாடலின் குளிர்சாதனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனியே ஏசியோடு விற்ற முதல் கார் பேக்கார்ட்தான். அதற்குத் தனியாக 274 டாலர். குளிரூட்டும் பெட்டி டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. குளிர்காலம் வந்தால் எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். முதன்முதலில் செய்கிறவன் படுகிற பாடு இதுதான். எனக்கு அதில் மரியாதையே கூடியது.

இத்தனை திறமை இருந்தும் ஏன் மூழ்கினார்கள்? 1935இல் ஆயிரம் டாலருக்கும் கீழே விலை தொடங்கிய ஒன்-ட்வென்டி என்ற காரை விட்டார்கள். பொருளாதார மந்தத்தில் கம்பெனியைக் காப்பாற்றியது அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போருக்குப் பிறகும் நடுத்தர விலைக் கார்களுக்கே பேக்கார்ட் பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டு வாடிக்கையாளர்களை கேடிலாக் அள்ளிக்கொண்டது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய தவறு, காரின் கூட்டைச் செய்யும் வேலையை பிரிக்ஸ் கம்பெனியிடம் விட்டதுதான். 1953இல் அந்த பிரிக்ஸைப் போட்டிக் கம்பெனியான கிரைஸ்லர் வாங்கியது. கூட்டைத் தாங்களே செய்ய வேண்டியதாயிற்று. 1955 மாடலுக்குப் புதிய எஞ்சின், புதிய சஸ்பென்ஷன், கூடவே கானர் அவென்யூவில் இடம் போதாத புதிய தொழிற்சாலை. மூன்றையும் ஒரே ஆண்டில் மாற்றினால் எந்தப் பட்டறையும் தடுமாறும். தரம் சரிந்தது. 1956 ஜூனில் டெட்ராய்ட் உற்பத்தி நின்றது. அதன்பின் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு காரின் உடலில் பேக்கார்ட் பெயரை ஒட்டி விற்று, 1958இல் அதையும் முடித்தார்கள்.

போகிறவர்கள் குறைந்தது மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். குழந்தைகளோடு போனால் முதலில் சர்வீஸ் பகுதியைக் காட்டிவிடுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது வாசலில் பாட்ரீஷியன் என்ற 1955 பேக்கார்ட் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கு எண்பது வயது இருக்கும். விளம்பரத்தில் சொன்னபடியே கேட்டேன்: "எப்படி இருக்கிறது ஐயா, உங்கள் வண்டி?" அவர் பதில் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து என்னையும் என் மனைவியையும் மருமகனையும் உள்ளே உட்காரச் சொன்னார். எங்கள் எடையில் வண்டியின் பின்பக்கம் இறங்கியது. "எண்ணுங்கள்" என்றார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் நீண்ட முறுக்குக் கம்பிகளும், அவற்றைச் சரிசெய்யும் ஒரு சின்ன மோட்டாரும் அடியில் இருப்பது படித்துத் தெரியும். ஏழு வரை எண்ணியதும் எங்கோ கீழே மெல்லிய முனகல் கேட்டது. நாங்கள் மூவரும் உட்கார்ந்திருக்க, பின்பக்கம் தானாக எழுந்து சமமாகி நின்றது.