ஃபிஃபோவா, ஆவரேஜா? பீன்யா பட்டறைக் கணக்கிலிருந்து

ஸ்டாக்குக்கு விலை போட இரண்டு வழி. முதலில் வந்த சரக்கு முதலில் போனதாகக் கொள்வது ஃபிஃபோ. எல்லாச் சரக்கையும் சேர்த்து அளவுக்கேற்ற ஒரே சராசரி விலை போடுவது வெயிட்டட் ஆவரேஜ். பெங்களூரு பீன்யாவில் நான் கணக்குப் பார்க்கும் பித்தளை டர்னிங் (கடைசல்) பட்டறையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது வெயிட்டட் ஆவரேஜ்தான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் லைஃபோவை விட்டுவிடலாம். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் அந்த ஆப்ஷன் கண்ணில் படும். ஆனால் சரக்கு மதிப்புக்கான கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2, வருமான வரிக்கான தரநிலை ஐசிடிஎஸ் 2 இரண்டுமே அதை ஏற்பதில்லை.

கணக்கு எளிதுதான். கையிருப்பு 400 கிலோ ராடு, கிலோ 500 ரூபாய். புதிதாக 600 கிலோ, 550 ரூபாய்க்கு வந்தது. மாதத்தில் மெஷினுக்கு 700 கிலோ இஷ்யூ. ஃபிஃபோவில் செலவு 3,65,000; மிச்சம் 300 கிலோவின் மதிப்பு 1,65,000. ஆவரேஜில் கிலோ 530. செலவு 3,71,000, க்ளோசிங் ஸ்டாக் 1,59,000. வித்தியாசம் 6,000 ரூபாய். விலை ஏறும்போது ஃபிஃபோ ஸ்டாக்கையும் லாபத்தையும் கூட்டிக் காட்டும், இறங்கினால் நேர்மாறு. ஸ்டாக்கை ஈடாகக் காட்டி பேங்கில் வாங்கும் கடனான சிசி லிமிட்டுக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பவர்களுக்கு அந்த ஆறாயிரம் இனிக்கும். வரி கட்டும்போது கசக்கும். அடுத்த வருடம் அதே ஸ்டாக் ஓப்பனிங்காக வந்து நேராகிவிடும் என்பதால் இதற்காக மட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது பராமரிப்பு. ஃபிஃபோவுக்கு ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒவ்வொரு முறை வந்த சரக்கும், ஏட்டில் தனித்தனியாக உயிரோடு இருக்க வேண்டும். சரக்கு ஒரே வழியில் போனால் சரி. பட்டறையில் அது திரும்பியும் வரும். ஷிஃப்ட் முடிந்ததும் ஓடாத ராடு, அரை நீளத் துண்டு எல்லாம் ஸ்டோர்ஸுக்கு வந்து சேரும். எங்கள் ஸ்டோர்ஸ் தம்பி கிருஷ்ணகிரிக்காரர். ரிட்டர்ன் ஸ்லிப்பை நீட்டி, "அண்ணா, இந்த நாப்பது கிலோவை எந்த லாட்டுல ஏத்த? பழைய லாட் பின் கார்டுல முடிஞ்சே போச்சே" என்பார். (பின் கார்டு என்பது ஸ்டோர்ஸில் சரக்கு வரவு, போக்கு எழுதும் அட்டை.) ராடின் முகத்தில் விலையா எழுதியிருக்கிறது? 500-ல் ஏற்றினால் ஒரு விடை, 550-ல் ஏற்றினால் இன்னொன்று. போதாததற்கு சப்ளையர் பத்து நாள் கழித்து விலை வித்தியாசத்துக்கு டெபிட் நோட் அனுப்புவார். அந்த லாட்டில் பாதி அதற்குள் பீஸாகி டெஸ்பாட்ச் ஆகியிருக்கும்.

மாதக் கடைசியில் ஒரே ஆவரேஜ் போட்டால் இந்தப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மாதத்துக்குள் எந்த பில் முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதும் பிரச்சினையில்லை. ஏஎஸ் 2 இதை அனுமதிக்கிறது: சரக்கு வரும்போதெல்லாம் ஆவரேஜ் போடலாம், கால இடைவெளியிலும் போடலாம். விலை, மாதம் முடியும்வரை கைக்கு வராது, அது குறைதான். ஆனால் கொட்டேஷனை அன்றைய ராடு விலையில்தானே போடுகிறோம்.

பீஸ் விலையிலும் இதே கதை. ஒரு பீஸுக்கு 100 கிராம் ராடு. ஃபிஃபோவில் முதல் நாலாயிரம் பீஸுக்கு மெட்டீரியல் 50 ரூபாய், அடுத்த பீஸிலிருந்து 55. அதே மெஷின், அதே ஆபரேட்டர். "திடீர்னு ஏன் ஏறிச்சு?" என்று முதலாளி கேட்பார், விளக்கவே அரை நாள் போய்விடும். ஆவரேஜில் மாதம் முழுக்க 53. இதில் 40 கிராம் போரிங்காக, அதாவது கடைசல் துருவலாகப் போனால், அதை கிலோ 400 ரூபாய்க்கு விற்கும் கணக்கில் 16 கழித்து 37. ஸ்க்ராப்பைக் கழிக்காமல் பீஸ் விலை சொல்பவர்களுக்கு எந்த முறையும் உதவாது.

ஃபிஃபோவுக்கும் இடம் உண்டு. ஹீட் நம்பரும் (உலோகம் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் கேட்கும் கஸ்டமர் இருந்தால் லாட்டை எப்படியும் பிரித்துத்தான் வைப்பீர்கள். ஏட்டு வேலை பாதி முடிந்த மாதிரி. பாதி முடிந்த சரக்கு நிறைய நிற்கும் பிராசஸ் தொழிலிலும் ஃபிஃபோ இந்த மாதச் செலவைத் தனியாகக் காட்டும். ஆவரேஜில் போன மாதச் சொதப்பல் கலந்துவிடும். ஆனால் அந்தத் தொழிலில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. பெயின்ட், கெமிக்கல்காரர்கள் தங்கள் காஸ்ட் அக்கவுன்டன்டையே கேட்டுக்கொள்ளட்டும்.

மாற நினைப்பவர்கள் வருட நடுவில் டேலியில் ஆப்ஷனை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் முறையை மாற்றக் கூடாது என்கிறது ஐசிடிஎஸ். காரணத்தை எழுதி ஆடிட்டரிடம் காட்டுங்கள். மார்ச் 31 ஸ்டாக்கை ராடு ராடாக எடை போட்டு, ஏப்ரல் 1 முதல் புது முறைக்குப் போங்கள்.