ஆணி பட்டதை மறைத்த லாடக்காரர்: குதிரை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அந்தியூர் ஆடிச் சந்தை நெருங்குகிறது. கொங்குப் பக்கம் பலரும் இப்போதுதான் குதிரைக்கு லாடம் மாற்றுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மார்வாரிப் பெட்டைக்கு ஊர் ஊராகப் போய் லாடம் அடிக்கும் ஒருவர் வந்தார். வேலைக்காரப் பையன் பிடித்துக்கொள்ள, அடித்து முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே குதிரை ஒரு முன்னங்காலை ஊன்றாமல், குளம்பு நுனி மட்டும் தரையில் பட நின்றது. போன் செய்தால், "புது லாடமுங்க, அப்படித்தான் இருக்கும். நடக்க விடுங்க, சரியாயிரும்" என்றார். அடுத்த முறையும் அதே பதில். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

குளம்பு கொதித்தது. கணுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி துள்ளியது. கால்நடை மருத்துவர் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்பக்கக் கடைசி ஆணி மட்டும் கறுத்து ஈரமாக வந்தது. பின்னாலேயே நாற்றத்தோடு சீழ். பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான்: "அன்னிக்கே ரத்தம் வந்துச்சுங்கண்ணா. மஞ்சத்தூள் வெச்சு அடைச்சுட்டு, தள்ளி வேற ஆணி அடிச்சாரு. அண்ணங்கிட்ட சொல்லாத, பயந்துக்குவாருன்னாரு."

ஆணி சதையில் படுவது கைதேர்ந்தவருக்கும் நேரும். ஒரு நூல் உள்ளே போனாலே போதும். உடனே பிடுங்கி, அயோடின் விட்டுக் கழுவி, "இந்த இடத்துல பட்டுருச்சு, டிடி ஊசி போட்டுருங்க" என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ரண ஜன்னி (டெட்டனஸ்) குதிரையை எவ்வளவு சுலபமாகத் தாக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா?

மருத்துவர் இன்னொன்றும் காட்டினார். கொண்டுவந்த லாடம் சின்னது. குளம்புக்குத் தக்கபடி லாடத்தைச் சரிசெய்யாமல், லாடத்துக்குத் தக்கபடி குளம்பை அரத்தால் ராவியிருக்கிறார். குளம்பின் கெட்டியான வெளிச்சுவர் மெலிந்த பிறகு ஆணி எங்கே போகும்?

வருகிறவரிடம் எத்தனை அளவில் லாடம் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். அடிக்கும்போது நம்பகமான ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கணீரென்று கேட்கும் சுத்தியல் சத்தம் திடீரென மந்தமானால், அல்லது குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால், அங்கேயே நிறுத்தச் சொல்லிக் காரணம் கேளுங்கள். கெட்டித் தரையில் நடத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மருத்துவச் செலவைக் கேட்டதற்கு, அடுத்த லாடத்தைச் சும்மாவே அடித்துத் தருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.