மும்பை மழையும் சைக்கிள் ஹப்பும்: கிரீஸ் மாற்றிய பின் கண்டது

மழைக்காலம் முடிந்ததும் சைக்கிளின் இரண்டு ஹப்பையும் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றிச் சுழலும் பகுதி) பிரித்துச் சுத்தம் செய்யாதவர், மும்பையில் அந்தச் சைக்கிளை நெடுநாள் ஓட்ட முடியாது. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு ஆண்டு முழுவதும் சைக்கிளில் போய்வருகிறேன். ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளிலும் சயனிலும் அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் நாட்கள் உண்டு. சாதாரண ஹப்பில் இருப்பது தூசியைத் தடுக்கும் மூடி மட்டும்தான். தண்ணீரை அது தடுக்காது.

என்னுடையது பால்ரஸ், கப், கோன் உள்ள பழைய வகை ஹப். பால்ரஸ் உருளும் கிண்ணம்தான் கப்; அச்சில் திருகி எதிர்ப்பக்கத்தில் பால்ரஸைத் தாங்குவது கோன். முதல் சில ஆண்டுகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் லித்தியம் கிரீஸைத்தான் போட்டேன். வெயில் காலத்தில் அதில் குறையே இல்லை. மழைக்குப் பின் பிரித்தால், தண்ணீர் கலந்து பால் விட்ட தேநீர் நிறத்தில் இளகிக் கிடக்கும். பால்ரஸ் மேல் துரு படர்ந்திருக்கும். பிறகு படகுகளுக்குப் பயன்படும் கால்சியம் சல்ஃபோனேட் வகை கிரீஸுக்கு மாறினேன். அதே சாலை, அதே தண்ணீர். அக்டோபரில் பிரித்தபோது கிரீஸ் கெட்டியாகவே இருந்தது, கோன் பளபளவென்று இருந்தது. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு ஹப்புக்கு வேண்டியது சில கிராம். இரண்டும் கெட்டித்தன்மையில் என்எல்ஜிஐ 2 என்ற ஒரே தரம்தான். எனவே டப்பாவில் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கிரீஸைக் கெட்டியாக்க எந்தப் பொருள் சேர்த்தது என்று பாருங்கள். வகை மாற்றும்போது பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்தெடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது.

தாராவி தொண்ணூறு அடி சாலையில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "பால்ரஸ் மலிவு தம்பி, கப் மலிவில்லை" என்பார். அவர் சொல்வதுதான் இந்த வேலையின் அடிப்படை. கோனில் குழி விழுந்தால் புதிது போடலாம். கப் ஹப்போடு அழுத்திப் பொருத்தப்பட்டது. அது போனால் பெரும்பாலும் ஹப்பே போயிற்று. அதனால் ஒவ்வொரு முறையும் பால்ரஸை முழுதாக மாற்றிவிடுகிறேன். பெரும்பாலான சைக்கிள்களில் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம், பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலம். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. நூலிழை பெரிதாக இருப்பவை முழுச் சுமையையும் தாங்கி, கப்பைக் குடைந்துவிடும்.

ஒரு பக்க லாக் நட்டை மட்டும் கழற்றுங்கள், அப்போதுதான் அச்சு நடுவில் நிற்கும். பின்சக்கரத்தில் ஃப்ரீவீலை (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) எடுத்துவிட்டு இடப்பக்கமாகப் பிரிப்பது வசதி. கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும், பெட்ரோல் வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகே கிரீஸ். சாதாரண ஸ்பேனர் கோனில் நுழையாது. மெல்லிய கோன் ஸ்பேனர், பெரும்பாலும் முன்னால் 13 மி.மீ., பின்னால் 15 மி.மீ., வேண்டும். நாக்தேவி தெருவில் தேடினால் கிடைக்கும்.

சிரமம் இறுக்குவதில்தான். நட் போட்ட அச்சில் சக்கரம் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. நெம்புகோல் வைத்து மூடும் அச்சு என்றால், சக்கரத்தைச் சைக்கிளில் மாட்டாமல் வெளியில் வைத்திருக்கும்போது இம்மியளவு ஆட்டம் விட வேண்டும். நெம்புகோலை மூடியதும் அந்த ஆட்டம் மறைந்துவிடும். முதன்முறை செய்பவருக்கு இதிலேயே ஒரு மாலை போய்விடும். பரவாயில்லை, செய்யுங்கள். பிரிக்காமலேயே மூடியின் இடுக்கில் கிரீஸை அமுக்கிவிட்டு 'சர்வீஸ் முடிந்தது' என்று காசு வாங்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் மணலோடு புதுக் கிரீஸ் சேர்ந்தால் அது அரைக்கும் பசைதான்.

என் மனைவியின் சைக்கிளில் இருபுறமும் ரப்பர் சீல் உள்ள அடைபட்ட பேரிங். மழையைக் கூடுதலாகத் தாங்குகிறது, வேலையும் குறைவு. சீலை மெல்லிய கத்தி முனையால் தூக்கி, கழுவி, கிரீஸ் வைத்து மூடலாம். ஆனால் விரலால் சுற்றும்போது கரகரவென்றால் கழுவிப் பயனில்லை, புதிது போட வேண்டும். புதியதை ஹப்புக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்துங்கள்; உள் வளையத்தில் அடித்தால் முதல் நாளிலேயே பாழாகும். நேரமில்லாதவர்களுக்கு அந்த வகையையே சொல்வேன். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பால்ரஸ் ஹப்தான்.