ஏர்பேக் விளக்கு அணையவில்லை: சர்வீஸ் சென்டரா, வெளி எலக்ட்ரீஷியனா, நம் கையா?

சீட் கவர் மாற்றி நாலு நாள்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும் ஐந்தாறு நொடி எரிந்துவிட்டு அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு, அணையாமல் அப்படியே நின்றது. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "சைடு ஏர்பேக் சென்சார் ஃபால்ட் சார். சென்சாரும் ஃப்ளோர் வயரிங்கும் மாத்தணும்" என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். தொகையைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சைடு ஏர்பேக் சென்சார் ஃபால்ட்' என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மோதலை உணரும் சென்சார். பல கார்களில் இது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள தூணின் அடியில், சீட் பெல்ட் சுருளும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சில கார்களில் கதவுக்குள்ளேயே இருந்து, கதவு நசுங்கும்போது ஏறும் காற்றழுத்தத்தை உணரும். இன்னொன்று, சீட்டின் முதுகுப் பகுதியில் தைத்து வைத்திருக்கும் ஏர்பேக்குக்குப் போகும் வயர். அது சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர் வழியாகப் போகிறது.

ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரியின் மின்தடை சுமார் 2 ஓம்தான். கனெக்டர் கொஞ்சம் தளர்ந்தாலோ அதன் உலோக முனையில் பச்சை பூத்தாலோ, ஒன்றிரண்டு ஓம் ஏறிவிடும். ஏர்பேக்குகளைக் கட்டுப்படுத்தும் கணினியான ஏர்பேக் மாட்யூலுக்கு அது போதும், விளக்கைப் போட்டுவிடும். அதனால் பழுதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் 'ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம்' என்று வந்தால் பார்க்க வேண்டியது சீட்டுக்கு அடியில். 'சென்சாருடன் தொடர்பு இல்லை' என்று வந்தால்தான் தூணின் மூடியைக் கழற்ற வேண்டும். ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடு, அதாவது கோட், எது என்று கேட்காமல் எஸ்டிமேட் வாங்கியது என் தப்பு.

சரி, நாமே செய்தால் என்ன? செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் எல்லை குறுகியது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், கோடைப் போனில் காட்டும் புளூடூத் அடாப்டர் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும். ஏர்பேக் கோடுகள் 'பி'யில் தொடங்கும் பாடி வகை. அவற்றைப் படிக்க ஏர்பேக் மாட்யூலுக்குள் போகக்கூடிய ஸ்கேனர் வேண்டும். பழுது சரியானாலும், பல கார்களில் கோடை அழிக்கும்வரை விளக்கு அணையாது.

கனெக்டரைக் கழற்றி மாட்டுவது வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியதுதான். இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா 90 நொடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம். எந்தக் காரானாலும் நான் பத்து நிமிடம் விடுவேன். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்று மாட்யூலுக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேர்த்து வைத்திருப்பார்கள், அது இறங்கத்தான் இந்தக் காத்திருப்பு. மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனையில் வைத்து ஓம் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டம்கூட திரியைப் பற்றவைக்கலாம்.

வெளி எலக்ட்ரீஷியன் என்றால் ஆளைப் பொறுத்தது. "அண்ணா, ஏர்பேக் மாட்யூலுக்குள்ள போய் கோட் படிக்க முடியுமா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மஞ்சள் வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப் வைக்கப் போகிறவர் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். எனக்குக் கிடைத்தவர் கோடைப் படித்தார்: டிரைவர் பக்க ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். சீட்டைப் பின்னால் தள்ளி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் கனெக்டரின் லாக் பாதிதான் விழுந்திருந்தது. "கவர் போடறதுக்கு சீட்டக் கழட்டியிருக்காங்க சார். திரும்ப மாட்டும்போது சரியா அழுத்தல." விரலால் ஓர் அழுத்து, டக்கென்று ஒரு சத்தம். கோடை அழித்தார், விளக்கு அணைந்தது. வாங்கியது சில நூறு ரூபாய்.

கனெக்டர் சரியாக இருந்திருந்தால் ஏர்பேக்குக்குப் பதில் அதே 2 ஓம் அளவுள்ள டம்மியை, அதாவது வெறும் மின்தடையை, மாட்டிப் பார்த்திருப்பாராம். கோட் போய்விட்டால் கோளாறு ஏர்பேக்கில், போகாவிட்டால் வயரில். சென்சார் பக்கம் கோட் காட்டினால், இடது வலது இரண்டும் ஒரே பார்ட் நம்பராக இருக்கும் கார்களில் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கோடும் இடம் மாறினால் சென்சார்தான் குற்றவாளி.

இதை வைத்து சர்வீஸ் சென்டரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஏர்பேக் வயரை வெட்டி ஒட்டக் கூடாது என்று பல கம்பெனிகளின் மேனுவலே சொல்கிறது. எனவே வயரில் சந்தேகம் என்றால் முழு ஹார்னஸுக்குத்தான் (வயர்த் தொகுப்புக்குத்தான்) பில் போடுவார்கள். வாரண்டி இருந்தால் வேறு எங்கும் போகாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதையே சொல்வேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும், செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பிடித்துக்கொண்டு போகும். கனெக்டரைத் துடைத்தால் விளக்கு அணையும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். எலி கடித்த வயரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

உதிரிபாகம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை ஞாபகம் வரும். அங்கே சென்சார் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி எப்படி அடிபட்டது என்று யார் சொல்வார்கள்? பக்கவாட்டில் மோதிய பிறகு அந்தப் பக்கத்துச் சென்சாரை மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. நான் புதிதாகத்தான் வாங்குவேன். பழைய ஏர்பேக்கை ஓசியில் கொடுத்தாலும் தொட மாட்டேன்.

இன்னொரு 'வழி'யும் சந்தையில் இருக்கிறது. மேலே சொன்ன டம்மியை நிரந்தரமாகவே சொருகிவிடுவது. விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும், ஏர்பேக் மட்டும் இருக்காது. முன்பக்க மோதலில் நசுங்குவதற்கு ஒரு பானெட் இருக்கிறது. பக்கத்தில் கதவின் தடிமன்தான் மிச்சம். மாட்யூல் முடிவெடுக்கக் கிடைப்பது சில மில்லிசெகண்டு. பழைய கார் வாங்கும்போது விளக்கை மட்டும் நம்பாமல் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மஞ்சள் வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

என் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. கோடை அழித்துவிட்டு, கிளம்பும்போது அந்த எலக்ட்ரீஷியன் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டிய இடத்தில் என் புதுக் கவர் இரட்டைத் தையல் போட்டு கெட்டியாக மூடியிருந்தது. இதற்கு எந்த ஸ்கேனரிலும் கோட் வராது. வீட்டுக்கு வந்ததும் முன் சீட் இரண்டின் கவரையும் கழற்றிப் பரணில் போட்டேன்.