செவ்வாய்ப்பேட்டை ரேடியம் ஜாக்கெட்டும் ஒரு ஜோடி 'கொலுசும்': எட்டு மாதம் ஓடிப் பார்த்தபின்

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத்தான் தேடி வருவீர்கள். ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருக்கும் பச்சை ரேடியம் ஜாக்கெட் 130 ரூபாய், அதை ஓடுவதற்குத் தோதாகப் பிரித்துத் தைத்ததற்கு 60, கணுக்காலில் கட்டுகிற பட்டை ஒரு ஜோடி 50. மொத்தம் 240. இதற்கு முன்னால் ஆன்லைனில் 1,150 ரூபாய் கொடுத்து, விளக்கெல்லாம் மினுக்குகிற, தோளில் மாட்டுகிற ஒரு பட்டை வாங்கி ஏமாந்திருந்தேன். முழுக்க ஏமாந்தேன் என்றும் சொல்ல முடியாது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜாக்கெட் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஹெல்மெட், கையுறை, ரப்பர் பூட்ஸ் விற்கிற எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது தையல்கார அண்ணனைப் பற்றி. ஒரு சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு மெஷின். கடைக்குப் போர்டு கிடையாது, அதனால் பெயர் சொல்ல எனக்கும் வழியில்லை. ஸ்கூல் பை ஜிப், ஸ்கூட்டர் சீட் கவர், இதுதான் அவருடைய பிழைப்பு. ஓட்டக்காரர்களுக்குத் தைக்கிறோம் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஏன் வாங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கோரிமேட்டில் கூடி, ஏற்காடு ரோட்டில் அடிவாரம் வரைக்கும், தெம்பிருந்தால் மேலே இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஓடுகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். எங்களில் மூத்தவரை வாத்தியார் என்போம். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், எங்களுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்ததால் அந்தப் பட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 5 மணி இருக்கும். கறுப்பு டீஷர்ட், கறுப்பு அரைக்கால் சட்டை, ரோட்டின் இடது ஓரம், வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறோம். பின்னால் ஒரு சரக்கு வேன் வந்த சத்தம் கேட்டது. எல்லா வண்டியும் அப்படித்தானே வருகிறது என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்த வேன் நிற்கவில்லை. வாத்தியாரின் ஒரு ஷூ மட்டும் நடு ரோட்டில் கிடந்தது, ஆளைச் செல்போன் டார்ச் அடித்துப் புதருக்குள் தேட வேண்டியிருந்தது. தொடை எலும்பு உடைந்து, தலையிலும் அடி.

முதலில் வண்டியை நிறுத்தியது பால்கேன் கட்டிய எக்ஸெல்லில் வந்த ஒரு பெரியவர். தன் துண்டை மடித்துத் தலைக்கு அண்டை கொடுத்தவர், 108 வரும்வரை அங்கேயே நின்றார், ஆனால் நடுவில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்: "போலீசு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களா தம்பி? எனக்குப் பால் ஊத்தணும்." அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே வந்துவிட்டது: உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர், விலாசம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. எங்கள் கூட்டத்தில் இப்போது எல்லாருடைய போனிலும் அந்தப் பிரிவு படமாக இருக்கிறது, அடுத்த பால்காரருக்குக் காட்ட.

சரி, ஜாக்கெட்டுக்கு வருவோம். நம் ஊரில் பளபளக்கிற எல்லாவற்றுக்கும் ரேடியம் என்றுதான் பெயர், அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. பொடிப் பொடியான கண்ணாடி மணிகள்தான் இருக்கின்றன, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் பக்கத்தில் நிற்பவருக்குச் சாம்பல் பட்டையாகத் தெரிவது, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. கடையில் சோதிக்க ஒரு வழி: செல்போன் டார்ச்சை எரியவிட்டு, உங்கள் நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளித் தொங்கும் ஜாக்கெட்டைப் பாருங்கள். பட்டை வெள்ளையாக எரிந்தால் நல்ல சரக்கு, மங்கலாகச் சிரித்தால் வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பச்சைத் துணியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பச்சை பகலுக்கும், விடிந்தும் விடியாத நேரத்துக்கும்தான். கும்மிருட்டில் அது வெறும் துணி.

வாங்கியதும் மூக்கனேரிக் கரைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மண் ரோட்டில் சோதனை செய்தோம். ஒருவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து லைட்டைத் தாழ்த்திப் போட்டுக்கொள்ள, நான் எண்ணிக்கொண்டே நடந்து போனேன். கறுப்பு டீஷர்ட்டில் முப்பதாவது தப்படியில் ஆளைக் காணோம் என்றான். என் தப்படிக்கு அது இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டும், ஓட்டுகிறவர் சுதாரித்துப் பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போயே விடும். அதாவது, என் மேல் ஏறிய பிறகுதான் பிரேக் பிடிப்பார். அன்றைக்கு வாத்தியாருக்கு நடந்தது என்னவென்று அந்த மண் ரோட்டில் நின்று கணக்குப் போட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் நூற்றைம்பது தப்படி தாண்டியும் தெரிகிறது என்றான். ஆனால் அவன் சொன்ன இன்னொன்றுதான் எங்களைத் திரும்பத் தையல்கடைக்கு ஓட வைத்தது: "தெரியுது, ஆனா ஆளுன்னு தெரியலடா. ஏதோ போர்டு நட்டு வச்ச மாதிரி இருக்கு." கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டு அதே தூரத்தில் ஓடிக் காட்டினேன். "ஆ, ஆளு ஓடுது!" என்று கத்தினான். நெஞ்சில் இருக்கும் பட்டை பெரிதாக ஆடாது. கணுக்கால் மேலும் கீழும் போய் வருவதைப் பார்த்தவுடன் மனுஷன் என்று மூளை கண்டுகொள்கிறது, இதை ஆய்வாளர்களும் சோதித்து எழுதியிருக்கிறார்கள். காசு குறைவாக இருந்தால் முதலில் கணுக்காலுக்கு வாங்குங்கள், ஜாக்கெட் அப்புறம்.

பட்டைக்குக் 'கொலுசு' என்று பெயர் வைத்தது வாத்தியார்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே. ஊருக்கெல்லாம் கொலுசு போட்ட எனக்கு நீங்க கொலுசு போடறீங்களா என்றார்.

குறைகள் உண்டு, நிறையவே. ஜாக்கெட் ஓடுவதற்காகச் செய்ததில்லை. முன்பக்கம் ஒட்டுகிற வெல்க்ரோ கழுத்தை அறுக்கும், நீளம் தொடையில் வந்து இடிக்கும், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அக்குளில் உரசிப் புண்ணாகும், நம் ஊர் ஏப்ரல் வெயிலில் காலை 7 மணிக்கே உள்ளே வேர்வை ஓடும். அதனால்தான் அந்த 60 ரூபாய் வேலை: நீளத்தைக் குறைத்து, வெல்க்ரோவை எடுத்து, பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்து, அக்குள் ஓரத்தில் மெல்லிய காட்டன் பட்டி மடித்துத் தைத்தார். பட்டையின் மேல் ஊசி போகாமல் ஓரத்திலேயே தைத்திருந்தார், அதை நாங்கள் சொல்லவில்லை, அவராகவே செய்தது. துவைக்கும்போது பிரஷ் போடக்கூடாது, பிளீச்சிங் ஆகாது, இஸ்திரி கூடவே கூடாது. என் வீட்டில் முதல் ஜாக்கெட்டை மற்றத் துணியோடு கல்லில் அடித்துத் துவைத்ததில் இரண்டு மாதத்தில் பட்டை உரிந்து, வேப்பமரப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. இப்போது நானே கையால் அலசிக் காயப் போடுகிறேன்.

1,150 ரூபாய் சமாச்சாரம்: மூன்று மாதத்தில் சார்ஜ் போடுகிற இடத்தில் வேர்வை இறங்கிச் செத்துப் போச்சு. ஆனாலும் ஏற்காட்டில், மேலே மூடுபனி இறங்குகிற நாளில், விளக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. பனியில் ஹெட்லைட் வெளிச்சமே சிதறிப் போகிறது, ரேடியத்துக்கு வந்து சேர்வது எங்கே, அது திரும்பிப் போவது எங்கே. அப்புறம், 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டூவீலர்களில் இன்ஜின் ஓடினாலே லைட் எரியும், பழைய வண்டிக்காரர்கள் லேசாக விடிந்ததும் அணைத்துவிடுவார்கள். லைட் இல்லாத வண்டிக்கு முன்னால் ரேடியம் ஒன்றும் செய்யாது. அதனால் சைக்கிள் கடையில் 100 ரூபாய்க்குக் கிடைக்கிற சிவப்பு மினுக்கு விளக்கு ஒன்றை முதுகில் மாட்டியிருக்கிறேன்.

எதைப் போட்டாலும் ரோட்டின் வலது ஓரம்தான், வருகிற வண்டியைப் பார்த்தபடி. மலையில் மட்டும் கொஞ்சம் மாறும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வலது பக்கம் திரும்புகிற வளைவில் வலது ஓரமாகப் போனால் உள்பக்கச் சுவர் நம்மை மறைத்துவிடும், இறங்கி வருகிற பஸ்காரருக்கு நாம் தெரியவே மாட்டோம். வளைவுக்கு நன்றாக முன்னாலேயே எதிர் ஓரத்துக்கு மாறி, வளைவு தாண்டியதும் திரும்ப வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. 100 வயதில் டொரண்டோவில் மாரத்தான் முடித்த ஃபௌஜா சிங், 2025 ஜூலையில், 114 வயதில், ஜலந்தர் பக்கத்தில் சொந்த ஊர் ரோட்டிலேயே கார் மோதித்தான் இறந்தார், அந்தக் காரும் நிற்கவில்லை.

வாத்தியார் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் 48 மணி நேரச் செலவு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போனது, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்களே, அதுதான். அதற்கப்புறம்தான் கஷ்டம். பணத்தைவிட ஆள்தான் வேண்டியிருந்தது. அக்கா, அதாவது வாத்தியாரின் மனைவி, பகலில் ஆஸ்பத்திரியில், ராத்திரிக்கு எங்களில் ஒருவர் முறை வைத்துப் படுத்தோம். பையனை டியூஷனிலிருந்து கூட்டி வர ஒருவர், ரத்தம் கொடுக்க நான்கு பேர். சாப்பாடு மட்டும் ஆளாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில், ஒரே நாளில் மூன்று வீட்டுத் தயிர்சாதம் சேர்ந்து அக்காவே போன் போட்டு நிறுத்தச் சொன்னார். பட்டறையில் பாதியில் நின்ற ஆர்டரைப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பொடி வைத்துப் பற்றவைத்து முடித்துக் கொடுத்துவிட்டார்கள், கூலி வாங்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு பட்டறைக்கும் ஜென்மப் பகை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அலைந்தது காகிதத்துக்குத்தான். அடித்த வண்டி கிடைக்காவிட்டால் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர் நகல், ஆஸ்பத்திரிக் காகிதம், பேங்க் பாஸ்புக் எல்லாம் சேர்த்து வருவாய்த் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இது இருப்பதையே எங்களுக்குச் சொன்னது ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் எடுக்கிற தம்பி, அதுவும் நான்காவது வாரம். உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது இப்படி ஆனால் முதல் வாரமே கேளுங்கள்.

தையல்கார அண்ணனிடம் மொத்தமாகப் பன்னிரண்டு செட் கொடுத்தபோது, எதற்கு இத்தனை என்றார். சொன்னோம். மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அவருக்கு ஒரு ஜோடி என் கணக்குல இருக்கட்டும்" என்றார். மற்ற பதினொன்றுக்கும் பைசா குறைக்கவில்லை, அதுவும் நியாயம்தான். அந்த ஜோடி இப்போது வாத்தியாரின் வாக்கரில் கட்டியிருக்கிறது, மாலையில் தெருமுனைவரை போய் வருகிறார்.

போகிறவர்கள் மாலை 4 மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் கடை திறக்காது. எலாஸ்டிக் நீங்களே வாங்கிப் போனால் பத்து ரூபாய் குறைப்பார். கறுப்பு எலாஸ்டிக் மட்டும் வேண்டாம், மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு குண்டு பல்புதான், கறுப்பில் கறுப்பு நூல் அவர் கண்ணுக்குத் தெரியாது, நாளைக்கு வா என்பார்.