கேமலா, எஸ்.இ.5ஏ-வா: உடம்புக்கு எது மேல்?

முதல் உலகப் போரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் விமானிகள் ஓட்டிய போர் விமானங்களில் இவை இரண்டும் பேர்போனவை. எது அதிகம் சுட்டு வீழ்த்தியது என்பதை விடுங்கள். உள்ளே உட்கார்ந்தவன் பாடு என்ன?

சாப்வித் கேமலில் புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும். அதற்கு மசகு எண்ணெயாக ஊற்றியது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறி விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும், மூக்கிலும் வாயிலும் போகும். அப்புறம் என்ன, வயிற்றைக் கலக்கும். பாட்டி ஒரு கரண்டி கொடுத்தாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா! பட்டுக் கழுத்துத்துணி வெறும் பகட்டில்லை. கண்ணாடி துடைக்கவும், திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து உரசிப் புண்ணாகாமல் இருக்கவும் அது உதவியது. போதாததற்கு, சுழலும் எஞ்சினின் இழுப்போடு ஒவ்வொரு திருப்பத்திலும் மல்லுக்கட்ட வேண்டும்.

எஸ்.இ.5ஏ-வில் தண்ணீரால் குளிரும் வி8 எஞ்சின், அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர். விளக்கெண்ணெய் மழை இல்லை, விமானமும் ஆட்டமில்லாமல் நிலையாகப் பறக்கும்.

குளிர் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். 15,000 அடியில் சுமார் மைனஸ் 15 டிகிரி, திறந்த இருக்கை, மூச்சுக்கு மெலிந்த காற்று. முகத்தில் கொழுப்பைப் பூசிக்கொண்டு பறந்தார்கள்.

என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்.இ.5ஏ.